சக்காராவும் தஹ்ரீரும்: கல்லறைக் கற்களை வாசித்துக் காட்டும் ஒரு வழிகாட்டிச் சேவை

கெய்ரோவில் இறங்கியதும் பிரமிடு காட்டுகிறேன் என்று வருபவர்களுக்குக் குறைவில்லை. அந்தப் பிரமிடுகளைச் சுற்றியிருக்கும் கல்லறைகளில் என்ன செதுக்கியிருக்கிறது என்று வரி வரியாக வாசித்துச் சொல்லும் ஆள் கிடைப்பதுதான் கஷ்டம். நான் எடுத்துக்கொண்டது அப்படி ஒரு சேவை. முதல் நாள் சக்காரா, மறுநாள் தஹ்ரீர் சதுக்கத்து எகிப்திய அருங்காட்சியகம். இரண்டு நாளும் ஒரே வழிகாட்டி, கூடவே வண்டியும் ஓட்டுநரும். கீஸா பிரமிடுகளோ ஒட்டகச் சவாரியோ இதில் கிடையாது. நிறுவனத்தின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. இதே ஏற்பாட்டைச் செய்து தரும் வழிகாட்டிகள் இன்னும் பலர் இருக்கிறார்கள். அவர்களிடம் எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்று தெரிந்துகொண்டால் போதும்.

என் தொழிலையும் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் எந்த அளவுகோலால் அளக்கிறேன் என்று புரியும். கல்லறைகளில் வைக்கும் கற்களில் பெயர் வெட்டுவது என் வேலை. பெயர், பிறந்த தேதி, மறைந்த தேதி, குடும்பத்தார் எழுதிக் கொடுக்கும் இரண்டு வரி, அவ்வளவுதான். இதையே வருஷக்கணக்காகச் செய்கிறவனுக்கு எந்தக் கல்லைப் பார்த்தாலும் முதலில் உளி எந்தப் பக்கமிருந்து இறங்கியிருக்கிறது என்றுதான் கண் போகும். அடுத்த கேள்வி, இது யாருடைய பெயர் என்பது. இந்த இரண்டுக்கும் பதில் சொல்லக்கூடிய ஒருவர் எகிப்தை எனக்குக் காட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அந்த ஆசையை இந்தச் சேவை பெரும்பாலும் நிறைவேற்றியது. எங்கே நிறைவேற்றவில்லை என்பதையும் கீழே எழுதியிருக்கிறேன்.

வழிகாட்டி எகிப்தியல் படித்த ஒரு பெண்மணி. சுற்றுலா அமைச்சகத்தின் உரிமம் பெற்றவர். அங்கே உரிமம் இல்லாமல் வழிகாட்டி வேலை பார்க்கக் கூடாது, அதனால் நீங்கள் யாரை அமர்த்தினாலும் அட்டையைக் காட்டச் சொல்லுங்கள், யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. பட்டம் பலரிடம் இருக்கும். இவரிடம் இருந்த இன்னொன்று பொறுமை. ஒரு சுவருக்கு முன்னால் நான் எவ்வளவு நேரம் நின்றாலும் ‘அடுத்த இடத்துக்குப் போகலாமா’ என்று இவர் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

சக்காரா கெய்ரோவுக்குத் தெற்கே 30 கிலோமீட்டர் போல இருக்கும். ஜோசர் மன்னரின் படிப் பிரமிடு அங்கேதான் நிற்கிறது, வருகிறவர்கள் எல்லாரும் முதலில் அதற்குத்தான் போவார்கள். இவர் அதைத் தாண்டி வண்டியை மேற்குப் பக்கம் விடச் சொன்னார். தி என்ற அதிகாரியின் கல்லறை அந்தப் பக்கத்தில் இருக்கிறது. தி 5-ஆம் வம்சத்துக்காரர், அரசர்களின் பிரமிடுகளையும் சூரியக் கோயில்களையும் மேற்பார்த்தவர். கூட்டம் படிப் பிரமிடில் இருக்கும் நேரத்தில் இந்தக் கல்லறை காலியாக இருக்கும் என்பது அவருடைய கணக்கு. கணக்கு தப்பவில்லை. உள்ளே நாங்களும் காவலரும் மட்டும்தான்.

இந்தக் கல்லறைகளுக்கு மஸ்தபா என்று பெயர். பக்கங்கள் சரிந்து, மேலே தட்டையாக இருக்கும் கட்டடம். உடல் நிலத்துக்கு அடியில் இருக்கும். மேலே இருக்கிற அறைகள் உயிரோடு இருப்பவர்கள் வந்து படையல் வைத்துப் போவதற்கானவை. அந்த அறைகளின் சுண்ணாம்புக்கல் சுவர்களில்தான் செதுக்கல் முழுவதும். தியின் சுவர்களில் உருவங்கள் கல்லின் பரப்பைவிடச் சில மில்லிமீட்டர்தான் உயர்ந்து நிற்கின்றன. அந்தச் சில மில்லிமீட்டருக்குள் மாடு, மாட்டுக்குப் பின்னால் ஆள், ஆளின் தோளில் கன்று என்று மூன்று அடுக்கு. நேரே வெளிச்சம் விழுந்தால் எல்லாம் ஒன்றாகத் தட்டையாகிவிடும். வழிகாட்டி காவலரிடம் கேட்டுவிட்டு ஒரு சிறிய கைவிளக்கைச் சுவரோடு சுவராகப் பக்கவாட்டில் பிடித்தார். மாட்டின் விலா எலும்பு, ஆளின் முழங்கால் சில்லு, எல்லாம் நிழல் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தன. என் பட்டறையில் வெட்டிய எழுத்தைச் சரிபார்க்க நான் விளக்கைப் பிடிக்கிற விதமும் இதுவேதான். பல சுற்றுலாக்காரர்கள் இந்தக் கல்லறைக்கு வந்து ஒன்றும் தெரியாமல் திரும்புவதற்குக் காரணம் வெளிச்சம் மட்டுமே என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்தக் கன்றைப் பற்றி ஒரு வார்த்தை. மந்தை ஆற்றைக் கடக்கிறது. மேய்ப்பவர் கன்றை முதுகில் சுமந்து முன்னால் போகிறார், கன்று கழுத்தைத் திருப்பிப் பின்னால் வரும் தாயைப் பார்க்கிறது. தாயும் கன்றைப் பார்த்துத் தலையை நீட்டியிருக்கிறது. தண்ணீருக்குள் இருக்கும் கால்கள் அலைக்கோடுகளுக்கு நடுவே தெரிகின்றன. செதுக்கியவர் கன்றின் வாயைக் கொஞ்சமாகத் திறந்து விட்டிருக்கிறார். அது கத்துகிறது என்று தெரிவதற்கு அந்தச் சிறு வெட்டுப் போதும். நாலாயிரம் வருஷத்துக்கும் முந்தைய ஒரு கை, எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்து நிறுத்தியிருக்கிறது.

அதற்கப்புறம்தான் பொய்க்கதவுக்கு அழைத்துப் போனார். என் வரைக்கும் இந்தச் சேவையின் மொத்த மதிப்பும் இங்கேதான் இருக்கிறது. கல்லறையின் மேற்குச் சுவரில், கதவு மாதிரியே செதுக்கி, ஆனால் திறக்காத ஒரு கல். இறந்தவர்களின் உலகம் மேற்கே என்பது எகிப்தியர் நம்பிக்கை. இறந்தவரின் உயிராற்றல், அவர்கள் ‘கா’ என்று சொன்னது, அந்தப் பக்கமிருந்து இந்தக் கதவு வழியாக வந்து படையலை எடுத்துக்கொள்ளும். கதவுக்கு முன்னால் படையல் கல் தரையில் பதித்திருக்கும்.

இவர் ஒவ்வொரு பாகமாக விரலால் சுட்டினார், தொடாமல். நடுவில் கை நுழையாத அளவுக்கு ஒடுங்கிய பிளவு, அதுதான் வழி. பிளவின் தலையில் உருளையாக ஒன்று, அது சுருட்டிக் கட்டிய பாய். வீட்டு வாசலில் தொங்கும் பாயைக் கல்லில் அப்படியே சுருட்டி வைத்துவிட்டார்கள். அதற்கு மேல் விட்டம். இரண்டு பக்கமும் நிலைக்கால்கள், சில கதவுகளில் இரண்டு மூன்று ஜோடி ஒன்றுக்குள் ஒன்றாக. விட்டத்துக்கு மேலே ஒரு சதுரப் பலகை. அதில் இறந்தவர் மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார். மேசையில் நெட்டுக்குத்தாக நிற்பவை ரொட்டித் துண்டுகள். நாணல் என்று நினைத்துத் தாண்டிப் போகிறவர்கள் நிறைய.

நிலைக்கால்களில் இருக்கும் எழுத்தைப் பாருங்கள். சித்திர எழுத்தில் பறவைகளும் மனிதர்களும் எந்தப் பக்கம் முகம் வைத்திருக்கிறார்களோ அந்தப் பக்கத்திலிருந்து வாசிக்க வேண்டும். பொய்க்கதவில் இடது காலில் இருக்கும் எழுத்துகள் வலப்பக்கம் பார்க்கும், வலது காலில் இருப்பவை இடப்பக்கம் பார்க்கும். எல்லாம் நடுப்பிளவை நோக்கி முகம் வைத்திருக்கும். அதாவது ஒரே வாசகத்தை இரண்டு தடவை, ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமாக வெட்ட வேண்டும். எழுத்தைத் திருப்பி வெட்டுவது எவ்வளவு கடினம் என்று வெட்டியவர்களுக்குத்தான் தெரியும். கை பழகிய பக்கத்துக்கே ஓடும். அந்த வேலையை இவ்வளவு சுத்தமாகச் செய்திருப்பதைப் பார்த்து நான் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றேன்.

வாசகம் ஏறத்தாழ எல்லாக் கல்லறைகளிலும் ஒரே மாதிரிதான் தொடங்குகிறது: ஹெதெப் தி நெசு, அரசர் அளிக்கும் படையல். அரசர் ஒசைரிஸுக்கும் அனுபிஸுக்கும் கொடுக்கிறார், அவர்கள் மூலமாக இன்னாருக்குப் போய்ச் சேரட்டும் என்பது கருத்து. என்ன சேர வேண்டும்? ரொட்டி, பீர், மாடு, கோழி வகைப் பறவைகள், வெண்கல் சாடிகள், துணி. ஒவ்வொன்றிலும் ஆயிரம். ஆயிரம் என்ற எண்ணுக்கு அவர்கள் வெட்டியது ஒரு தாமரைச் செடி, தண்டும் இலையுமாக. அந்தச் செடியை ஒரு பொருளுக்கு முன்னால் வைத்துவிட்டால் ஆயிரம் வந்துவிட்டது. கல்லில் வெட்டுகிறவனுக்கு இதைவிடச் சிக்கனமான ஏற்பாடு வேண்டியதில்லை. இவர் தாமரை ஒவ்வொன்றையும் காட்டி, பிறகு முழு வாசகத்தையும் வாய்விட்டு வாசித்தார். எகிப்திய எழுத்தில் உயிரொலிகள் இல்லை, அதனால் அறிஞர்கள் நடுநடுவே ‘எ’ ஒலி சேர்த்து வாசிப்பது வழக்கம், பழைய உச்சரிப்பு இதுவே என்று எடுத்துக்கொள்ள வேண்டாம் என்பதையும் முன்னாலேயே சொல்லிவிட்டார். அந்த நேர்மை எனக்குப் பிடித்தது.

வாய்விட்டு வாசித்தது காட்சிக்காக இல்லை. பல கல்லறைகளில் இறந்தவரே வழிப்போக்கரைக் கூப்பிடுகிற வாசகம் உண்டு: பூமியில் உயிரோடிருப்பவர்களே, இந்தக் கல்லறையைக் கடந்து போகிறவர்களே, என் பெயருக்கு ஆயிரம் ரொட்டி, ஆயிரம் பீர் என்று சொல்லுங்கள். கையில் கொண்டுவந்த படையல் இல்லையென்றாலும் பரவாயில்லை, வாயிலிருந்து வரும் மூச்சே போதும், அதனால் உங்களுக்குக் களைப்பொன்றும் வந்துவிடாது என்று சில கற்கள் சேர்த்துச் சொல்கின்றன. குடும்பம் அற்றுப்போய், படையல் வைக்க ஆளில்லாமல் போகும் நாளையும் யோசித்துத்தான் இந்தக் கற்களை வெட்டியிருக்கிறார்கள். பெயர் வாசிக்கப்பட்டால் அந்தக் கல் வேலை செய்கிறது; வாசிக்கப்படாவிட்டால் சும்மா நிற்கிறது. இந்த வழிகாட்டி ஒவ்வொரு கல்லறையிலும் சொந்தக்காரரின் பெயரை ஒரு தடவையாவது சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் வெளியே வந்தார். என் தொழிலில் இருக்கிற எவரும் இதற்காகவே அவருக்குக் கட்டணம் கொடுக்கலாம்.

மதியத்துக்கு முன் மெரெருகாவின் மஸ்தபா. 6-ஆம் வம்சத்து தெத்தி என்ற மன்னரின் தலைமை அமைச்சர் இவர், மன்னரின் மகளையே மணந்தவர். கல்லறையும் அந்த மன்னரின் பிரமிடுக்குப் பக்கத்திலேயே. இவருக்கும் மனைவிக்கும் மகனுக்குமாகச் சேர்த்து 30-க்கும் மேற்பட்ட அறைகள். வாசலில் நுழைந்ததும் மெரெருகா ஒரு பலகைக்கு முன் உட்கார்ந்து, எகிப்திய ஆண்டின் மூன்று பருவங்களையும் மூன்று உருவங்களாக வரைந்துகொண்டிருக்கிறார். நாட்டின் அமைச்சர் தன் கல்லறை வாசலில் தன்னை ஓவியராகக் காட்டிக்கொண்டிருப்பதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. தூண்கள் நிற்கும் பெரிய கூடத்தில் பொய்க்கதவுக்கு உள்ளேயிருந்து அவருடைய சிலை இடது காலை முன்வைத்து வெளியே வருகிறது. அவர் இறங்கி வரப் படிக்கட்டும் வைத்திருக்கிறார்கள். காலையில் தியின் கல்லறையில் மூடிய பிளவைப் பார்த்துவிட்டு வந்ததால் இந்தச் சிலையின் அர்த்தம் விளக்கமே இல்லாமல் விளங்கியது. நேரே இங்கே வந்திருந்தால் பெரிய சிலை ஒன்று என்று படம் எடுத்துக்கொண்டு போயிருப்பேன். இந்த வரிசையை யோசித்து அமைத்தவருக்கு என் மரியாதை.

உனாஸ் மன்னரின் பிரமிடுக்குள்ளும் போனோம். வெளியே இடிந்த மேடு. குனிந்து இறங்கிப் போனால் உள்ளே சுவர் முழுக்க நெட்டுக்குத்தான வரிசைகளில் எழுத்து, நீல வண்ணம் நிரப்பியது, கூரையில் நட்சத்திரங்கள். பிரமிடுக்குள் எழுதப்பட்ட வாசகங்களில் இதுதான் மிகப் பழையது, கி.மு. 24-ஆம் நூற்றாண்டு. இடுப்பு, முழங்கால் வலி உள்ளவர்கள் இந்த இறக்கத்துக்கு முன் யோசித்துக்கொள்ளுங்கள். செராபியம் என்ற, புனிதக் காளைகளைப் புதைத்த நிலத்தடிக் கல்லறையின் கிரானைட் பெட்டிகள் பிரம்மாண்டம்தான், ஆனால் என்னை அவை அதிகம் ஈர்க்கவில்லை. அளவைப் பார்த்து வியக்கிறவர்களுக்கு அது பிடிக்கும்.

இனி அந்தக் கடை. பயணத் திட்டத்தில் ‘கடை நிறுத்தம் இல்லை’ என்று எழுத்திலேயே கொடுத்திருந்தார்கள். திரும்பும் வழியில் ஓட்டுநர் ஒரு கைவினைக் கடை முன்னால் வண்டியை நிறுத்தினார். வழிகாட்டிக்கும் இது முன்பே தெரிந்திருக்கவில்லை என்பது அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. கடைக்காரர் நினைவுக்கல் நகல்களைக் காட்டி, பட்டறையில் கையால் செதுக்கியது என்றார். இரண்டு கற்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கச் சொன்னேன். இரண்டிலும் அதே ஆந்தையின் இடது கண்ணில் அதே இடத்தில் அதே சின்ன உடைப்பு. பின்பக்கத்தைத் திருப்பினால் ஊசிமுனை அளவு காற்றுக்குமிழித் துளைகள். கல்தூளைப் பசையில் குழைத்து அச்சில் வார்த்தவை அவை. உளி பட்ட தடம் ஒன்றுகூட இல்லை. உண்மையில் செதுக்கிய கல்லில் கோட்டின் அடியைப் பார்த்தால் உளி நகர்ந்து நகர்ந்து போன படிகள் தெரியும், எந்த இரண்டு பறவையும் ஒன்றுபோல் இருக்காது. வார்த்த நகலை வார்த்தது என்று சொல்லி விற்றால் எனக்கு ஆட்சேபம் இல்லை, அலமாரியில் வைக்க அழகாகத்தான் இருக்கும். கையால் செதுக்கியது என்று விற்பது அங்கே இன்னும் உண்மையாகவே உளி பிடித்து உட்கார்ந்திருக்கிறவர்களின் சோற்றில் கை வைப்பது. இதை நிறுவனத்துக்கு எழுதினேன், மன்னிப்புக் கேட்டுப் பதில் வந்தது. அந்த நிறுத்தத்தில் போன நேரம் போனதுதான். அந்த நேரத்தில் ப்தாஹ்ஹோதெப்பின் கல்லறையைப் பார்த்திருக்கலாம்.

மறுநாள் தஹ்ரீர். 1902-இல் திறந்த அந்தக் கட்டடம், வெளியே இளஞ்சிவப்பு. துத்தன்காமனின் பொருட்கள் கீஸாவில் திறந்திருக்கும் பெரிய எகிப்திய அருங்காட்சியகத்துக்கும், அரச மம்மிகள் 2021-இல் ஃபுஸ்தாத்தில் உள்ள தேசிய நாகரிக அருங்காட்சியகத்துக்கும் போய்விட்டதால், தங்கம் பார்க்க வருகிற கூட்டம் இப்போது இங்கே இல்லை. கல்லைப் பார்க்க வருகிறவர்களுக்கு இது நல்ல காலம். தோட்டத்திலேயே ஒரு கற்பேழை இருக்கிறது, ஒகுஸ்த் மரியெட்டுடையது. சக்காராவில் செராபியத்தைத் தோண்டியெடுத்த பிரெஞ்சுக்காரர் அவர், எகிப்தின் தொல்பொருள் துறையைத் தொடங்கி வைத்தவர். எகிப்தியர் மாதிரியே கற்பேழையில் அவரை அடக்கம் செய்திருக்கிறார்கள்.

உள்ளே எனக்காக வழிகாட்டி தேர்ந்தெடுத்தவை கொஞ்சம்தான். நிறைய காட்டாமல் கொஞ்சத்தை ஆழமாகக் காட்டியது சரியான முடிவு.

காவித்தின் கற்பேழையிலிருந்து தொடங்கினார். 11-ஆம் வம்சத்து இரண்டாம் மெந்துஹோதெப் மன்னரின் அரச மகளிரில் ஒருவர் காவித். தெய்ர் எல்-பஹ்ரியில் மன்னரின் கோயிலிலேயே அடக்கம் செய்யப்பட்டவர். சுண்ணாம்புக்கல் பேழை. சக்காராவில் பார்த்ததற்கு நேர்மாறான வேலை இது. அங்கே உருவத்தைச் சுற்றியிருக்கும் கல்லை எடுத்து உருவத்தை மேலே நிறுத்தினார்கள். இங்கே சுற்றியிருக்கும் கல்லை அப்படியே விட்டு, உருவத்தைப் பரப்புக்குக் கீழே இறக்கிச் செதுக்கியிருக்கிறார்கள். விளிம்பு ஆழமாக, கூர்மையாக நிற்கிறது. காவித் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு கையில் கிண்ணத்தை உதட்டுக்குக் கொண்டு போகிறார், இன்னொரு கையில் கண்ணாடி. பின்னால் பணிப்பெண் அவருடைய சுருள்முடியில் ஒரு சுருளைப் பிரித்துப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். அந்த விரல்களைப் பாருங்கள். ஒவ்வொரு விரலும் தனித்தனியாக, நுனி மெலிந்து, சுருளைக் கசக்காமல் பிடிக்கிற பிடி. முன்னால் நிற்கும் பணியாள் பால் ஊற்றியபடி சொல்வதும் எழுத்தில் இருக்கிறது: உங்கள் காவுக்காக, அம்மணி, நான் தருவதைக் குடியுங்கள். அதே பேழையில் பசுவைக் கறக்கிறார்கள். கன்றைத் தாயின் முன்னங்காலில் கட்டியிருக்கிறார்கள். தன் கன்றுக்குப் போக வேண்டிய பால் போகிறதே என்று பசுவின் கண்ணிலிருந்து ஒரு சொட்டு இறங்குகிறது. உளியின் நுனியால் ஒரே ஒரு தட்டு. அந்தத் தட்டு கொஞ்சம் பிசகியிருந்தால் கண்ணே உடைந்திருக்கும்.

அமெனெம்ஹத்தின் நினைவுக்கல் இன்னொன்று. தீப்ஸின், அதாவது இன்றைய லக்சரின், அசாசிஃப் கல்லறைப் பகுதியில் கிடைத்தது. அப்பா, அம்மா, மகன் மூன்று பேரும் ஒரே பலகையில் உட்கார்ந்து ஒருவர் தோளை ஒருவர் அணைத்திருக்கிறார்கள். மருமகள் தனியே நிற்கிறாள். நடுவில் இறைச்சியும் காய்களும் குவிந்த படையல் மேசை. வண்ணம் இன்னும் பளிச்சென்று இருக்கிறது, ஆண்களுக்குச் செங்காவி, பெண்களுக்கு மஞ்சள். மூன்று பேரின் கைகள் பின்னிப் போகிற இடத்தில் எந்தக் கை யாருடையது என்று குழப்பமே வரவில்லை. இவ்வளவு மெல்லிய தடிப்பில் கை மேல் கையைப் போட்டு, இரண்டையும் பிரித்துக் காட்டுவது பெரிய வேலை. இறந்தவர்களைச் செதுக்கச் சொன்னால் குடும்பம் ஒன்றாக உட்கார்ந்திருப்பதைச் செதுக்கியிருக்கிறார்கள். நான் வெட்டும் கற்களிலும் குடும்பங்கள் கேட்பது கடைசியில் இதுதான், எல்லாரையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள் என்று.

நாய்களோடு நிற்கும் இரண்டாம் இன்தெஃப் மன்னரின் கல்லுக்கு முன்னால்தான் வழிகாட்டி அதிக நேரம் பேசினார். எல்-தாரிஃபில் அவருடைய கல்லறையில் இருந்தது. மரியெட் 1860-இல் கண்டபோது இருந்த கல் பிறகு உடைந்துபோய், இன்று கிடைப்பது அடிப்பகுதிதான். ஒவ்வொரு நாய்க்கும் பெயர் வெட்டியிருக்கிறது. ஒன்றின் பெயர் பெஹ்கா. இந்தக் கல்லை வைத்து ஏறத்தாழ ஆயிரம் வருஷம் கழித்து, ஒன்பதாம் ராமேசஸ் காலத்தில், அரச கல்லறைகளில் திருட்டு நடந்ததா என்று பார்க்க அதிகாரிகள் சோதனைக்குப் போனார்கள். அவர்கள் எழுதிய அறிக்கை ஒரு பாப்பிரஸ் சுருளாக இன்று லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் இந்தக் கல்லைப் பற்றி எழுதும்போது, அரசனின் உருவம் கல்லில் நிற்கிறது, கால்களுக்கு நடுவே பெஹ்கா என்ற நாய் நிற்கிறது என்று குறித்திருக்கிறார்கள். ஆயிரம் வருஷத்துக்கு அப்புறம் ஓர் அரசாங்க ஊழியர் நாயின் பெயரை வாசித்து எழுதிக்கொண்டு போயிருக்கிறார். ஒரு கல் வெட்டுகிறவன் தன் வேலையைப் பற்றிக் கேட்கக்கூடிய நல்ல செய்தி இதைவிட வேறில்லை.

நெஃபர்மாத் என்பவரின் கதை இன்னொரு விதம். 4-ஆம் வம்சம், மெய்தூம். தன் உருவங்களை அழிக்க முடியாத எழுத்தில் செய்ததாகத் தன் கல்லறையிலேயே பொறித்துக்கொண்டவர். உருவங்களை ஆழக் குடைந்து, உள்ளே வண்ணக் குழம்பை நிரப்பும் புது முறையைச் செய்து பார்த்திருக்கிறார். குழம்பு காய்ந்து, வெடித்து, பெரும்பகுதி உதிர்ந்துவிட்டது. பிற்காலத்தவர் அந்த முறையைப் பின்பற்றவில்லை. ஆனால் குடைந்த பள்ளம் நிற்கிறதே! வண்ணம் போன பின்பும் அந்த உருவங்களின் ஓரம் தெளிவாக வாசிக்கக் கிடைக்கிறது. குழம்பு பிடித்து நிற்கப் பள்ளத்தின் உள்ளே சிறு சிறு குறுக்குப் பிடிப்புகள் விட்டிருக்கிறார்கள், அருகில் போய்ப் பார்த்தால் தெரியும்.

பெயரை அழித்த கல்லையும் பார்க்க வேண்டும் என்று நான் கேட்டேன். மெர்னெப்தா மன்னருக்காகச் செய்த சிவப்புக் கிரானைட் பேழைக்குக் கூட்டிப் போனார். ஏறத்தாழ 200 வருஷம் கழித்து முதலாம் சூசென்னெஸ் மன்னர் அதைத் தன் அடக்கத்துக்கு எடுத்துக்கொண்டார். 1940-இல் பியேர் மோந்தே தானிஸில் கண்டெடுத்தது அதைத்தான். பழைய பெயரைச் சுரண்டிப் புதுப் பெயரை வெட்டியிருக்கிறார்கள். மூடியில் படுத்திருக்கும் உருவத்தின் இடுப்புப்பட்டையில் மட்டும் மெர்னெப்தாவின் பெயரை விட்டு வைத்திருக்கிறார்கள். கிரானைட்டில் ஒரு பெயரைச் சுரண்டி எடுப்பது எவ்வளவு வேலை என்பதை நான் அவருக்குச் சொன்னேன். வெட்டிய ஆழத்துக்குச் சுற்றுமுற்றும் முழுவதையும் இறக்க வேண்டும், இல்லாவிட்டால் பழைய கோடு தெரிந்துகொண்டே இருக்கும். இவர் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். கேட்டுக்கொள்கிற வழிகாட்டி கிடைப்பது பெரிய விஷயம்.

அவரும் பதிலுக்கு ஒன்று சொன்னார். பாரிஸ் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இர்திசென் என்ற கைவினைஞரின் நினைவுக்கல் இருக்கிறதாம், காவித்தின் அதே 11-ஆம் வம்சம். சித்திர எழுத்தின் ரகசியம் எனக்குத் தெரியும், நடந்து போகும் ஆண் உருவமும் வந்துகொண்டிருக்கும் பெண் உருவமும் எப்படி நிற்க வேண்டும் என்று தெரியும், இந்த வித்தை எனக்கும் என் மூத்த மகனுக்கும் தவிர வேறு யாருக்கும் திறந்து காட்டப்படாது என்று அவர் அதில் வெட்டியிருக்கிறார். அரசர்களின் பெயர்களுக்கு நடுவே உளி பிடித்தவன் ஒருவனின் பெயரும் வாசிக்கக் கிடைக்கிறது என்பதை அவர் எனக்காகவே நினைவில் வைத்திருந்து சொன்னார்.

குறைகள் இன்னும் இரண்டு. அருங்காட்சியகத்துக்குத் திட்டத்தில் ஒதுக்கியது அரை நாள்தான், அது போதாது. வழிகாட்டி தன் சொந்த நேரத்தைக் கொடுத்து நீட்டினார், அதற்கு நிறுவனம் அவருக்கு எதுவும் தரப்போவதில்லை. இரண்டாவது, கையில் கொடுக்கும் அச்சிட்ட தாளில் பொய்க்கதவு, நினைவுக்கல், கற்பேழை எல்லாம் ஒரே பட்டியலில் காலவரிசை இல்லாமல் கலந்து கிடக்கின்றன. வழிகாட்டி வாயால் சொன்னதில் பத்தில் ஒரு பங்கு அதில் இருந்தால்கூடப் பிறகு எடுத்துப் பார்க்க உதவும். நீங்களே ஒரு நோட்டுப் புத்தகம் கொண்டு போங்கள்.

கட்டணத்தில் நுழைவுச்சீட்டுகள் சேரவில்லை. சக்காராவில் பொதுச்சீட்டு ஒன்று. சில கல்லறைகளுக்குத் தனிச்சீட்டு. முகப்பிலேயே எல்லாவற்றையும் சேர்த்து வாங்கிவிட வேண்டும், உள்ளே போன பிறகு கிடைக்காது. வங்கி அட்டை கட்டாயம் கையில் இருக்கட்டும். காவலருக்கும் ஓட்டுநருக்கும் கொடுக்கச் சில்லறையாக எகிப்திய பவுண்டும் வேண்டும். கைப்பேசியில் படம் எடுக்கலாம், பிளாஷ் கூடாது. சுவரில் கை வைக்காதீர்கள். நான் நின்றிருந்த கூடத்திலேயே ஒருவர் பேச்சுவாக்கில் ஒரு மாட்டின் முதுகில் சாய்ந்துகொண்டார். விரலின் வியர்வையும் எண்ணெயும் சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கினால் திரும்ப எடுக்க முடியாது.

ஐந்துக்கு நாலு நட்சத்திரம் கொடுக்கிறேன். அந்த நாலும் வழிகாட்டிக்கு. ஒன்று குறைவது கடை நிறுத்தத்துக்காகவும் அரை நாள் கணக்குக்காகவும். முன்பதிவு செய்யும்போது இதை எழுதிக் கேளுங்கள்: முதலில் தி, பிறகு மெரெருகா, அருங்காட்சியகத்துக்கு முழு நாள், கடை எதுவும் வேண்டாம். அரைகுறையாய் நின்றுபோன செதுக்கல் பார்க்க விரும்புகிறவர்கள் லக்சரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ராமோஸின் கல்லறையில் ஒரு சுவர் முடிந்த புடைப்பு, இன்னொன்றில் கோடு மட்டும். மன்னர் பள்ளத்தாக்கில் ஹோரெம்ஹெப்பின் கல்லறையில் சிவப்பு மைக்கோடும் அதன் மேல் கறுப்பு மையில் திருத்தமும், பாதி உளி இறங்கிய உருவங்களும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. இதே வழிகாட்டி லக்சருக்கும் வருவார், குளிர்காலத்தில் மட்டும். ஒரு மாதம் முன்னதாகவே சொல்லி வைக்க வேண்டும்.